வீசிப்போட்ட பாட்டிலை வைத்து வைரஸைத் தடுக்க முடியுமா? பள்ளிப் பிள்ளைகளோடு செய்ய யோசனை தேவை

#1 அறிவியல்_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். திருப்பத்தூர் மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்கள் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் இந்த வருடம் ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஊரில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, நோய் பரவாமல் தடுக்க உதவும் ஏதாவது ஒன்றாக மாற்ற வேண்டும். நோய் என்றால் அவர்களுக்கு வைரஸ்தான். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததை மறக்காத பிள்ளைகள்.

இரண்டு வாரத்தில் ஆறு சாக்கு சேர்ந்துவிட்டது. பெரும்பாலும் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில், கொஞ்சம் எண்ணெய் கேன், டீ கப். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் சுவரோரமாக அடுக்கி வைத்தோம். நடுவில் நாலு நாள் மழை. காலாண்டுத் தேர்வு வேலையில் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூடியில்லாத பாட்டில் ஒன்றை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், இதுக்குள்ள என்னமோ டான்ஸ் ஆடுது." பார்த்தால் கொசுப்புழு. தலைகீழாகத் தொங்குவதும் சுருண்டு நிமிர்ந்து கீழே போவதுமாக ஒரு இருபதாவது இருக்கும்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. நோயைத் தடுக்கச் சேர்த்த குப்பையில் கொசு வளர்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் கவிழ்த்துக் கொட்டியாகிவிட்டது. பிள்ளைகள் விடுவதாக இல்லை. இந்த பாட்டில்களை வைத்து உண்மையிலேயே வைரஸுக்கு எதிராக ஏதாவது செய்ய முடியுமா? கண்காட்சியில் வைத்துவிட்டு மறக்கிற மாதிரி வேண்டாம்.

#2 காயலான்கடை_பாய்

டீச்சரம்மா, சுலபமான வழி சொல்கிறேன். மூடியைத் தனியாகக் கழற்றுங்கள், பாட்டிலை மிதித்துத் தட்டையாக்குங்கள், எடைக்குப் போடுங்கள். பாட்டில் ஒரு பிளாஸ்டிக், மூடி வேறு பிளாஸ்டிக், சுற்றியிருக்கிற லேபிள் இன்னொன்று. பிரித்துக் கொடுத்தால் விலையும் கூடக் கிடைக்கும். கரூர் பக்கம் இந்த பாட்டிலை நொறுக்கி, உருக்கி, நூலாக இழுத்துத் துணியே நெய்கிறார்கள். மிதித்த பாட்டிலில் தண்ணீரும் நிற்காது. முப்பது வருடமாக இதே தொழில். என் கடையில் பாட்டில் நிமிர்ந்து நின்று நீங்கள் பார்க்க முடியாது.

#3 கொசுக்காரன்

டீச்சர், வெட்கப்பட ஒன்றும் இல்லை. உங்கள் திட்டத்தின் முதல் பாடத்தை அந்தப் பெண் கையில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள், அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர். 2012 டெங்கு சமயத்தில் கடையநல்லூர் பக்கம் அனுப்பப்பட்டவன். அந்த வருடம் தமிழ்நாட்டில் பதிவான டெங்கு 12,826, இறப்பு 66. 2017இல் 23,294 பேர், இறப்பு 65. பேப்பரில் படிக்கும்போது இது எண். அப்போது நாங்கள் போன வீடுகளில் மொட்டை மாடி, கொல்லை, கிணற்றடி என்று எங்கே பார்த்தாலும் டிரம், குடம், அண்டா. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் சேமித்து வைக்காதே என்று எப்படிச் சொல்வது? மூடி வையுங்கள் என்றோம். நடுவில் யாருமே கணக்கில் எடுத்துக்கொள்ளாத சாமான் ஒன்று உண்டு: தூக்கிப்போட்ட டீ கப், உடைந்த வாளி, தேங்காய் ஓடு, டயர், பாட்டில். வீட்டுக்காரர் டிரம்மைக் கழுவிவிடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் கிடக்கும் கப்பை யார் கழுவுவது?

டெங்கு வைரஸைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. அதற்கு வேண்டியது தேங்கிய நல்ல தண்ணீர், இரண்டு விரல் ஆழம் இருந்தாலும் போதும். முட்டையைத் தண்ணீருக்குள் போடாது; தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டி வைக்கும். இதைப் பிள்ளைகளுக்கு அவசியம் காட்டுங்கள். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து போனாலும் மாதக்கணக்கில் சாகாது. அடுத்த மழைக்கு மட்டம் ஏறி முட்டை நனைந்தால் பொரித்துவிடும். அதிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய எட்டுப் பத்து நாள். உங்கள் பன்னிரண்டு நாள் கணக்கு சரியாக இருக்கிறதா?

அதனால் நீங்கள் கவிழ்த்துக் கொட்டியது பாதி வேலைதான். மறுபடி எதற்காவது எடுக்கப் போகிற பாட்டில் என்றால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். பாய் சொன்னது போல மிதித்துப் போட்டால் அந்தக் கவலையும் இல்லை.

#4 திண்ணைப்பேச்சு

யூடியூபில் பாட்டிலை வெட்டி, சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் ஊற்றிக் கொசுப்பொறி செய்கிறார்களே, அதையே செய்யலாமே? அப்புறம் 2020இல் என் மச்சான் இரண்டு லிட்டர் பாட்டிலை வெட்டி முகத்துக்கு ஷீல்டு செய்து மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கே போய் வந்தார். பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும்.

#5 சிவப்புப்பை_சிஸ்டர்

பாட்டில் ஷீல்டை மட்டும் தயவுசெய்து பிள்ளைகளுக்குச் சொல்லித் தராதீர்கள். மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஷீல்டு நாங்களும் போட்டோம், உண்மைதான். நோயாளி முகத்துக்கு நேரே இருமினால் கண்ணில் தெறிக்காமல் இருக்க, மாஸ்க்குக்கு மேலே போட்டோம். மாஸ்க்குக்குப் பதிலாக அதைப் போட்டவர்கள்தான் ஏமாந்தார்கள். ஜப்பானில் ஃபுகாக்கு சூப்பர் கம்ப்யூட்டரில் 2020இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். 5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துளிகள் ஏறக்குறைய முழுவதுமே ஷீல்டின் ஓரங்கள் வழியாக வெளியே போய்விடுகின்றன. பெரிய துளிகளிலும் பாதிக்குத்தான் தடை. காற்றுக்கு ஓரம் தெரியும்.

பாட்டிலை வெட்டி மாஸ்க் செய்யலாமா என்று அடுத்து ஒருவர் கேட்பார், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மாஸ்க்கும் பிளாஸ்டிக்தான், பாலிப்ரோப்பிலீன். நடு அடுக்கில் மனித முடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய இழைகள், அவற்றில் நிலைத்து நிற்கும் மின்னேற்றம். சலித்துப் பிடிப்பதோடு காந்தம் மாதிரி இழுத்தும் பிடிக்கும். சானிட்டைசரில் முக்கி எடுத்தால் அந்த மின்னேற்றம் போய்விடும், பார்க்க மட்டும் பழைய மாஸ்க் போலவே இருக்கும். இதெல்லாம் கத்தரிக்கோலால் ஆகிற காரியம் இல்லை.

#6 கொசுக்காரன்

ஈஸ்ட் பொறியை நானும் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தில் பழ ஈ நிறைய விழுந்தது. கொசு என்று பார்த்தால் ஒன்றோ இரண்டோ. ஈஸ்ட் விடுகிற கரியமில வாயுவைவிட வராந்தாவில் உட்கார்ந்திருந்த என் கால்தான் அதுகளுக்குப் பிடித்திருந்தது.

பாட்டிலை வைத்து வேறொரு பொறி செய்யலாம். அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது, யோசித்துச் சொல்ல வேண்டும்.

#7 மொட்டைமாடி

டீச்சர், எல்லோரும் கொசுவிலும் கொரோனாவிலுமே நிற்கிறார்கள். தண்ணீர் வழியாக வரும் வைரஸை மறந்துவிட்டோம். வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா, மஞ்சள் காமாலை கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ, ஒரு காலத்தில் போலியோ. இவற்றுக்கு எதிராகப் பழைய பெட் (PET) பாட்டிலை, அதாவது தண்ணீரும் குளிர்பானமும் வரும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டு செய்யும் காரியம் ஒன்று முப்பது நாற்பது வருடமாகவே நடைமுறையில் இருக்கிறது. சோடிஸ் என்பார்கள். வெயிலில் வைத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்வது.

இதன் தொடக்கம் பெய்ரூட். அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் அஃப்திம் அக்ரா என்ற பேராசிரியர் 1980 வாக்கில் இதை எழுதினார். குழந்தைகளுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை வெயிலில் வைத்தாலே கிருமி சாகிறது என்று காட்டினார். பிறகு 1991 முதல் சுவிட்சர்லாந்தின் ஈவாக் என்ற நீர் ஆராய்ச்சி நிறுவனம் அதை எடுத்து வளர்த்தது.

செய்முறையில் ஒன்றுமே இல்லை, அதனாலேயே ஆட்கள் நம்புவதில்லை. நிறமில்லாத பெட் பாட்டில், இரண்டு லிட்டருக்குள். அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று போட்டிருக்கும். லேபிளை உரித்துவிட வேண்டும். முக்கால் அளவு தண்ணீர் பிடித்து, மூடி, இருபது விநாடி நன்றாகக் குலுக்கி (காற்று கலக்க), பிறகு நிரப்பி, படுக்கை வாக்கில் தகரக் கூரை மீது வைக்க வேண்டும். நல்ல வெயிலில் 6 மணி நேரம். பாதி வானத்துக்கு மேல் மேகம் என்றால் இரண்டு நாள். விடாத மழையில் இது வேலைக்கு ஆகாது. கிருமியைக் கொல்வது வெயிலிலுள்ள புற ஊதா ஏ கதிர். தண்ணீர் 50 டிகிரியைத் தாண்டிவிட்டால் சூடும் சேர்ந்துகொண்டு வேகமாக முடியும்.

தண்ணீர் கலங்கலாக இருந்தால் கதிர் உள்ளே இறங்காது. அதற்கு ஒரு சோதனை உண்டு, உங்கள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். நிரப்பிய பாட்டிலைச் செய்தித்தாள் தலைப்பின் மீது நிமிர்த்தி வைத்து, வாய் வழியாகக் குனிந்து பாருங்கள். அடியில் எழுத்தைப் படிக்க முடிந்தால் வெயிலுக்கு அனுப்பலாம். முடியவில்லை என்றால் தெளியவைத்து, வடிகட்டி, மறுபடி பார்க்க வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு. ஐந்து வயதுக்கு உட்பட்ட 200 குழந்தைகள், பாதி வீடுகளில் வெயில் பாட்டில், பாதியில் வழக்கம்போல. ஆறு மாதத்தில் வெயில் பாட்டில் வீட்டுக் குழந்தைகளிடம் வயிற்றுப்போக்கு 40% குறைந்திருந்தது. அதுவும் அந்தக் குழந்தைகளில் 86% பேர் வெளியே வேறு தண்ணீரும் குடித்துக்கொண்டிருந்த நிலையில்!

#8 சந்தேகச்சாமி

மொட்டைமாடி அண்ணே, நீங்கள் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறீர்கள். பொலிவியாவில் 22 கிராமங்களில் இதே சோடிஸை வைத்துப் பெரிய சோதனை செய்து 2009இல் வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்கு குறைந்ததற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இன்னொன்று. காரில் கிடந்த பாட்டில் தண்ணீரைக் குடிக்காதே, பிளாஸ்டிக் கரையும் என்று வீட்டில் திட்டுகிறார்கள். இங்கே வேண்டுமென்றே வெயிலில் வேகவைத்துப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

#9 மொட்டைமாடி

பொலிவியா ஆய்வு எனக்கும் தெரியும். ஒளிக்கவில்லை, எழுத எழுத நீண்டுவிட்டது. அங்கே சொல்லிக்கொடுத்தவர்களில் ஒழுங்காகப் பாட்டிலை வெயிலில் வைத்தவர்கள் சராசரியாக 32% தான். தோற்றது வெயிலா, பழக்கமா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. கென்யாவில் மாசாய் குழந்தைகளிடம் 1996இல் நடந்த ஆய்வில் வயிற்றுப்போக்கு குறைந்தது. தினமும் பாட்டிலைக் கூரையில் ஏற்றி இறக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இல்லாத வீட்டில் வெயில் சும்மா காய்ந்துவிட்டுப் போகும்.

கரைவது பற்றி. பெட் தயாரிப்பில் ஆன்டிமனி என்ற தனிமத்தைச் சேர்ப்பதால் துளி கசிகிறது, பொய் இல்லை. சோடிஸ் பாட்டில்களை அளந்து பார்த்த ஆய்வுகளில் அது குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்புக்கு வெகு கீழேதான் இருந்தது. 60 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் கிடந்தால்தான் அளவு ஏறத் தொடங்கும். மூடிய காருக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் பாட்டிலையும், காலையில் வைத்து மாலையில் எடுக்கும் பாட்டிலையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கீறல் விழுந்து மங்கிப்போன பாட்டிலை மாற்றிவிட வேண்டும், கதிர் ஒழுங்காக நுழையாது.

வைரஸ் விஷயத்தில் நானே ஒரு எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். பாக்டீரியா சாகும் அளவு வெயில் சில வைரஸ்களுக்குப் போதாது. அடுப்பு எரிக்க வழியிருக்கிற வீட்டில் கொதிக்க வைப்பதுதான் நல்லது. குளோரின் மாத்திரை கிடைத்தால் அதுவும் சரி. இரண்டும் இல்லாத இடத்துக்குத்தான் பாட்டில்.

#10 காயலான்கடை_பாய்

ஒரு சொல் சேர்த்துக்கொள்ளுங்கள். குப்பையில் பொறுக்கிய பாட்டிலைக் குடிதண்ணீருக்கு எடுக்காதீர்கள். பெட்ரோல் பிடித்தது, தின்னர் ஊற்றியது, ஆசிட் வைத்தது எல்லாம் எங்களிடம் வரும். கழுவினால் வாசம் போகும், என்ன இருந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. குடிக்க என்றால் அவரவர் வீட்டில் வாங்கி, அவரவர் குடித்த பாட்டிலாக இருக்கட்டும்.

#11 யாழ்_வடலி

வணக்கம் டீச்சர். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் பாட்டில் என்பதை நாங்கள் போத்தல் என்போம், கொசுவை நுளம்பு என்போம். பிரச்சினை ஒன்றுதான். 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு பதிவானது. நாட்டின் சனத்தொகையை வைத்துப் பாருங்கள், விளங்கும்.

இங்கே பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வளவு முழுக்கச் சுற்றிப் பார்ப்பார். யோகட் கப், சிரட்டை, போத்தல் மூடி ஒன்றில் குடம்பி (நுளம்புப் புழு) கண்டாலும் வழக்குத்தான், நீதிமன்றம் போய்த் தண்டம் கட்ட வேணும். என்னுடைய அம்மம்மா அதற்குப் பிறகு முற்றத்தில் ஒரு மூடியைக்கூட விடமாட்டா. நீங்கள் போத்தலைச் சேர்த்து ஏதும் செய்கிறதாக இருந்தால், முதலில் எங்கே, எப்படி வைக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கோ. கூரை இருக்கிற இடமா, மூடி பூட்டி இருக்கா, தலைகீழாக இருக்கா. இங்கே பாடசாலைகளில் கிழமைக்கு ஒரு நாள் பிள்ளைகளே வளவைச் சுற்றிப் பார்ப்பார்கள். அதையும் செய்து பாருங்கோ.

#12 ஜவ்வாது_காற்று

ஜவ்வாது மலையில் ஒரு விடுதிப் பள்ளிக்கு நாங்கள் சிலர் சேர்ந்து செய்து கொடுத்ததைச் சொல்கிறேன். காலால் மிதிக்கும் கை கழுவும் கேன். ஆங்கிலத்தில் டிப்பி டேப் என்பார்கள். 1980களில் ஜிம்பாப்வேயில் சுரைக்குடுவையை வைத்துச் செய்தார்கள். பிளாஸ்டிக் கேன் மலிந்த பிறகு அதற்கு வந்துவிட்டது.

ஐந்து லிட்டர் எண்ணெய் கேன். சோப்புத்தூள் போட்டு வெந்நீரில் இரண்டு தடவை கழுவினால் பிசுக்கு போகும். ஆணியைக் காய்ச்சி மேல் பக்கத்தில், மூடிக்கு நாலைந்து விரல் கீழே, ஒரு சின்னத் துளை. கைப்பிடி வழியாகக் குறுக்குக் கம்பு, இரண்டு பக்கமும் கவட்டுக் கம்பு நட்டு அதில் தொங்கவிட வேண்டும். மூடியில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையை தரையில் கிடக்கிற ஒரு குச்சியில் கட்டினால் அதுதான் மிதி. மிதித்தால் கேன் முன்னால் சாயும், துளையிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர் வரும். காலை எடுத்தால் நிமிர்ந்துவிடும். சோப்பை ஒரு பழைய வலைப்பையில் போட்டுப் பக்கத்தில் கட்டிவிடலாம். மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் குடை மாதிரி கவிழ்த்து வைத்தால் மழையில் சோப்பு கரையாது. கழுவிய தண்ணீர் விழுகிற இடத்தில் கூழாங்கல் போட்டால் சேறு ஆகாது.

எதையும் கையால் தொட வேண்டியதில்லை. குழாயைத் திருகிக் கை கழுவி, அதே அழுக்குக் குழாயை மறுபடி மூடுகிற கதை இதில் இல்லை. ஒருவருக்கு ஒரு டம்ளருக்கும் குறைவான தண்ணீர் போதும்.

தவறு எங்கே நடந்தது என்றால், முதல் கேனில் துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டேன். பத்துப் பிள்ளை கழுவுவதற்குள் காலி. பூச்சிமருந்து கேனை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். மலையில் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார், நல்லவேளை வாசம் காட்டிக்கொடுத்துவிட்டது.

#13 சிவப்புப்பை_சிஸ்டர்

ஜவ்வாது, இந்த இழையிலேயே எனக்குப் பிடித்த பதிவு உங்களுடையதுதான். டீச்சர், வைரஸுக்கு எதிராக எண்ணெய் கேன் செய்யக்கூடிய பெரிய காரியம் இதுதான் என்பேன். கொரோனா, ஃப்ளூ மாதிரியான வைரஸுக்கு மேலே கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும், வைரஸ் குலைந்துபோகும். வயிற்றுப்போக்கு தரும் ரோட்டா, நோரோ வைரஸ்களுக்கு அந்த உறை இல்லை. சோப்பு அவற்றைக் கொல்லாது, தோலிலிருந்து வழுக்கிவிட்டுத் தண்ணீரோடு அனுப்பிவிடும். நோரோவுக்கு சானிட்டைசர் சரியாக வேலை செய்யாது, அங்கே சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். வகுப்பில் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். மிளகுத்தூள் தூவிய தண்ணீரில் சோப்பு விரலை வைக்கும் விளையாட்டைப் போட்டுவிட்டு வைரஸ் ஓடுகிறது என்று சொல்லாதீர்கள். அது வேறு விஷயம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிளாஸ்டிக்கை மறுபடி பயன்படுத்துவதே வைரஸைப் பரப்புகிற இடமும் உண்டு. 2009இல் குஜராத்தின் மோடாசாவில் பயன்படுத்திய ஊசிகளைத் திரும்பப் பயன்படுத்தியதால் ஹெபடைடிஸ் பி பரவிப் பலர் இறந்தார்கள். எங்கள் வார்டில் சிவப்புப் பை எதற்கு என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்டால் நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். சலைன் பாட்டில், டியூப், ஊசி கழற்றிய சிரிஞ்சு எல்லாம் சிவப்புப் பைக்குள். அவை நீராவியில் வெந்து, அப்புறம் துண்டு துண்டாக நொறுங்கி, அதற்குப் பிறகுதான் மறுசுழற்சிக்குப் போகும். 2016 மருத்துவக் கழிவு விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. நொறுக்குவதன் காரணம், யாரும் கழுவி மறுபடி விற்கக் கூடாது என்பதுதான். பாய் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அதனால் உங்கள் பிள்ளைகள் பொறுக்கப் போகும்போது சிரிஞ்சு, சலைன் பாட்டில், மாஸ்க், நாப்கின், டயப்பர் கண்ணில் பட்டால் தொடவே கூடாது. கையுறை, இடுக்கி இல்லாமல் ஒரு பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

#14 காயலான்கடை_பாய்

கோபமெல்லாம் இல்லை சிஸ்டர். அந்தச் சரக்கு யார் கொண்டுவந்தாலும் நான் வாங்குவதில்லை. என் கடைப் பையன் ஒருவனுக்குச் சாக்குக்குள் கையை விடும்போது ஊசி குத்திவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவு வருகிற வரைக்கும் அவன் அம்மா முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒன்றும் இல்லை என்று வந்தது. அன்றோடு முடிந்தது அந்த வியாபாரம்.

கொரோனா நேரத்தில் பாட்டில் வாங்கவே பயந்தோம். பிளாஸ்டிக் மேல் மூன்று நாள் உயிரோடு இருக்கும் என்றார்கள். வந்த மூட்டையைப் பிரிக்காமல் கொட்டகையில் போட்டு, நாலாம் நாள்தான் கட்டை அவிழ்ப்போம்.

#15 சிவப்புப்பை_சிஸ்டர்

சரியாகத்தான் செய்தீர்கள் பாய். 2020 மார்ச்சில் வந்த ஆய்வு அது. பிளாஸ்டிக்கில் 72 மணி நேரம் வரை, அட்டையில் 24, செம்பில் 4. ஆனால் மூன்றாம் நாள் மிஞ்சியிருப்பது மிக மிகக் கொஞ்சம். தொட்டுப் பரவுவதைவிடக் காற்றில் பரவுவதுதான் அதிகம் என்று பிறகு தெளிவானது. இருந்தாலும் வீடுகளில் போடும் மாஸ்க்கை 72 மணி நேரம் காகிதப் பையில் வைத்து, வெட்டி, அப்புறம் குப்பையில் போடச் சொல்லி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே வழிகாட்டியது. உங்கள் கொட்டகையில் நடந்ததும் அதுதான்.

#16 கொசுக்காரன்

சரி, பொறி. ஏன் தயங்கினேன் என்று கடைசியில் புரியும்.

இரண்டு லிட்டர் பாட்டிலைக் குறுக்கே வெட்டிக் கீழ்ப்பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிப்புறம் கறுப்பு பெயின்ட். ஏடிஸ் இருட்டான, நிழலான இடத்தைத் தேடி முட்டையிடும். உட்புறம் ஒரு சொரசொரப்பான துணிப் பட்டையைக் கிளிப்பு மாட்டித் தொங்கவிடுங்கள், பாதி தண்ணீரில், பாதி வெளியே. மழையில் நிரம்பிவிடாமல் இருக்கப் பக்கவாட்டில் ஒரு துளை. வைக்கோல் ஊறிய தண்ணீர் ஊற்றினால் இன்னும் விரும்பி வரும். நிழலில், தரையோரம், பிள்ளைகள் கால் படாத இடத்தில் வையுங்கள்.

கொசு வந்து துணியில் முட்டையிடும். ஏழு நாளுக்கு ஒரு முறை, கண்டிப்பாக ஏழு நாளுக்குள், துணியை எடுத்துப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். கறுப்பாக, எள்ளைவிடச் சின்னதாக, வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். எண்ணி எழுதிக்கொண்டு துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். பாட்டில் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள், சாக்கடையில் வேண்டாம். உள்சுவரைத் தேய்த்துக் கழுவி மறுபடி வையுங்கள்.

இதனால் ஊரில் டெங்கு நின்றுவிடுமா? நாலு பாட்டிலால் நிற்காது. எந்தப் பக்கம் கொசு அதிகம் என்று காட்டும், அது ஒரு நல்ல பலன். போர்ட்டோ ரிக்கோவில் இதே தத்துவத்தில் பெரிய கறுப்பு வாளிகளைச் செய்தார்கள், உள்ளே ஒட்டுப்பசை. முட்டையிட வரும் தாய்க்கொசுவே ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு மூன்று, அதுவும் ஊரின் பெரும்பாலான வீடுகளில். பிறகு அதே கொசு பரப்பும் சிக்குன்குனியா வைரஸ் வந்தபோது, வாளி வைத்த ஊர்களில் தொற்று மற்ற ஊர்களின் பாதி அளவுதான். அத்தனை வீட்டில் வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது சிக்கல். ஏழாம் நாள் யாரும் வந்து பார்க்கவில்லை என்றால் அந்தப் பொறி கொசுப் பண்ணை ஆகிவிடும். கறுப்பு பெயின்ட் அடித்து, நிழலில் வைத்து, வைக்கோல் தண்ணீர் ஊற்றிக் கொசுவுக்கு நீங்களே பிரசவ விடுதி கட்டிக் கொடுத்த மாதிரி. விடுமுறைக்கு முதல் நாள் எல்லாப் பொறியையும் எடுத்துக் கவிழ்க்கிற ஆள் உங்கள் பள்ளியில் இருந்தால் செய்யுங்கள். இல்லை என்றால் பாயிடம் எடைக்குப் போட்டுவிடுங்கள். நான் மனதாரச் சொல்கிறேன்.

#17 சந்தேகச்சாமி

முதல் முறையாக இந்தத் தளத்தில் ஒருவர் யோசனையும் சொல்லி, அதைச் செய்யாதே என்றும் சொல்கிறார்.

#18 கொசுக்காரன்

முப்பத்தோரு வருட சர்வீஸ் தம்பி. தொடங்கி வைத்த திட்டங்களைவிட அப்புறம் போய்க் கவிழ்த்துவிட்டு வந்த திட்டங்கள் அதிகம்.

#19 அறிவியல்_டீச்சர்

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். மழைக்காலம் முழுக்க இதுவே வேலையாகிவிட்டது.

முதலில் ஐந்தரைச் சாக்கை மிதித்துத் தட்டையாக்கி எடைக்குப் போட்டோம். மிதிக்கிற நாளில் பள்ளி முழுக்கப் பட்டாசு வெடிக்கிற சத்தம். கிடைத்த பணத்தில் சோப்பு வாங்கினோம்.

கை கழுவும் கேன் நான்கு செய்தோம். கழிப்பறைப் பக்கம் இரண்டு, சத்துணவுக் கூடத்தில் இரண்டு. கழிப்பறைப் பக்கத்தில் முதல் வாரமே சோப்பு காணாமல் போனது. திருட்டு இல்லை, காகம். வலைப்பையை இறுக்கிக் கட்டிய பிறகு சரியாகிவிட்டது. சத்துணவு அக்கா இப்போது வரிசையில் கை நனையாத பிள்ளைக்கு முட்டை வைப்பதில்லை. இதை நான் சொல்லித் தரவில்லை, அவரே ஆரம்பித்தது.

வெயில் பாட்டிலைக் குடிக்கக் கொடுக்கவில்லை. பள்ளியில் சுத்திகரித்த தண்ணீர் வருகிறது, தேவையில்லாமல் எதற்கு. செய்தித்தாள் சோதனையை மட்டும் செய்து பார்த்தோம். ஏரித் தண்ணீரில் எழுத்தே தெரியவில்லை. தெளியவைத்து, துணியில் இரண்டு முறை வடித்த பிறகு தலைப்பு தெரிந்தது, கீழே இருந்த சின்ன எழுத்து தெரியவில்லை. வீட்டில் என்ன தண்ணீர் குடிக்கிறோம் என்று அன்று மாலை பல வீடுகளில் விசாரணை நடந்திருக்கிறது, பெற்றோர் வந்து சொன்னார்கள்.

பொறி ஆறு வைத்தோம். கொசுக்காரன் ஐயா சொன்னதால் பொறுப்பாளர் பெயரைப் பாட்டிலிலேயே எழுதி, வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் எல்லாம் மேசைக்கு வர வேண்டும் என்று விதி. முதல் இரண்டு வாரம் துணியில் ஒன்றும் இல்லை, பிள்ளைகளுக்குச் சலிப்பு. மூன்றாம் வாரம் மாமரத்தடிப் பாட்டிலில் மட்டும் கறுப்பு வரிசை. எண்ணியவர்கள் ஆளுக்கு ஒரு எண் சொன்னார்கள், எண்பதுக்குக் குறையாது. ஏன் அங்கே மட்டும் என்று தேடினால், மரத்துக்கு அந்தப் பக்கம் சுவர் ஏறிப் போன இரண்டு பையன்கள் ஒரு பழைய கிரைண்டர் கல்லைக் கண்டுபிடித்தார்கள். குழி நிறையத் தண்ணீர், நிறையப் புழு. பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் சொன்னோம். "அது என் அம்மா அரைச்ச கல்லும்மா, தூக்கிப் போட மனசு வரல" என்றார். தூக்கிப் போட வேண்டாம், கவிழ்த்து வையுங்கள் என்று பையன்களே புரட்டிவிட்டு வந்தார்கள்.

ஒரு தவறும் நடந்தது. மழை விடுமுறை திடீரென்று அறிவித்தார்கள், வெள்ளிக்கிழமை பள்ளியே இல்லை. திங்கள்கிழமை ஐந்து பாட்டில் வந்தது, ஆறாவது வரவில்லை. அந்தப் பையனுக்குக் காய்ச்சல் என்றார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சாதாரணக் காய்ச்சல்தான். பாட்டிலைக் கழிவறைச் சுவர் மூலையில் கண்டுபிடித்தபோது பதினோரு நாள் ஆகியிருந்தது. புழு எதுவும் இல்லை. கூட்டுப்புழுவும் இல்லை. ஒன்றுமே போடவில்லையா, எல்லாம் பறந்துவிட்டதா? துணியில் முட்டைக் கூடு மாதிரி ஏதோ இருக்கிறது, காலியா முழுதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஐயா, எப்படிப் பார்ப்பது?

#20 கொசுக்காரன்

பூதக்கண்ணாடியை நெருக்கிப் பிடித்துப் பாருங்கள் டீச்சர். பொரிக்காத முட்டை இரண்டு முனையும் கூராக, உப்பியிருக்கும். பொரித்துவிட்டால் ஒரு முனை தொப்பி கழன்ற மாதிரி திறந்து, ஓடு அமுங்கியிருக்கும். பாட்டில் அடியில் மெல்லிய தோல் மாதிரி ஏதாவது மிதக்கிறதா என்றும் பாருங்கள், புழு உரித்த சட்டை அது.

திறந்திருந்தால் அந்த மூலையில் காலையிலும் மாலையிலும் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள், ஊராட்சியில் சொல்லி மருந்துப் புகை போடச் சொல்லுங்கள். திறக்கவில்லை என்றால் துணியை இன்றைக்கே வெந்நீரில் போடுங்கள். ஆறாவது பாட்டிலுக்கு இரண்டு பெயர் எழுதுங்கள்.